வயசானா மறதி வரும்னு விட்டுடலாமா?



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "மாமியாருக்கு எல்லாமே மறந்து போகுது. எந்நேரமும் படுத்தே கிடக்காங்க. வயசாயிடுச்சு, இனி அப்படித்தான்."

வயசு மட்டும்தான் காரணமா?

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி, கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியை வேலை வாங்குகிறது. தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால், வேலை நடக்காதபோது மேஸ்திரி சத்தத்தைக் கூட்டுவது போல, பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும். ரத்தப் பரிசோதனையில் இது தெரியும்.

கவனிக்க வேண்டியவை:
* மறதி, மந்தம், ஓயாத அசதி
* குளிர் தாங்காமை
* மலச்சிக்கல், வறண்ட தோல்
* குரல் கரகரப்பு

வயதானவர்களுக்கு டி.எஸ்.எச். லேசாகக் கூடுவது இயல்புதான். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எல்லா மறதியும் தைராய்டால் வருவதில்லை. அல்சைமர் நோயில் மூளை செல்களே அழிகின்றன. அதை முழுசா குணமாக்க மருந்து இல்லை. ஆனால் தைராய்டு குறைவால் வரும் மந்தம் மாத்திரையில் குறையும். அதனால்தான் முதலில் பரிசோதனை!

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடணும். அரை மணி நேரமாவது கழித்துத்தான் டீ, காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

அந்த மாமியாரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறோம். குழுவில் ஒருவர் ஒரு தவணை விட்டால் உடனே ஏன் என்று கேட்கிறோமே, வீட்டுப் பெரியவர் சோர்ந்து கிடந்தால் கேட்க வேண்டாமா?