அலட்டலும் அலம்பலும் ஒன்றா?

நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட நம் தோட்டங்களிலிருந்து போகிறவர்களும் உண்டு. குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும்போது தீவுச் சனத்தின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். கூடப் பேசுகிறவர்களை "வாயாடி", "உளறுவாயன்" என்று இரண்டொரு சொல்லில் நாம் முடித்துவிடுகிறோம். நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது.

முதலில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் சாதாரணமாகப் பேசுவது 'கதைத்தல்'. "அம்மா பேசினவ" என்றால் அம்மா ஏசினார் என்று அர்த்தம்!

அலட்டல்: சொன்னதையே சொல்லி, தேவையில்லாமல் நீட்டுவது. "சும்மா அலட்டாதை" என்பார்கள்.

அலம்பல்: தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் வாய்க்கு வந்ததைப் பேசுவது. பாத்திரம் அலம்புவது வேறு, இது வேறு.

விடுப்பு: நமக்கு இது லீவு. அங்கே, அடுத்த வீட்டுச் சங்கதியைத் துருவிக் கேட்பது. நம்ம பீலிக்கரையில் நடப்பதும் இதுதானே!

வாய் காட்டுதல்: பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது.

புசத்தல்: தூக்கத்திலோ காய்ச்சலிலோ தன்னை அறியாமல் பிதற்றுவது.

இவ்வளவு பிரிவு எதற்கு என்று கேட்பீர்கள். நோய் வேறென்றால் மருந்தும் வேறுதானே. லயத்தில் தனியாக இருக்கும் பாட்டி பழைய கதையையே அலட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் போதும். அலம்புகிறவனுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் தானே ஓய்வான். விடுப்புக்குக் காது கொடுத்தால் குடும்பம் பிரியும். பிள்ளை நியாயம் கேட்டால் அது வாய் காட்டுவதல்ல, கேட்டுப் பாருங்கள்.

புசத்தலை மட்டும் லேசாக எடுக்கக் கூடாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினால், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், "பேய் பிடிச்சிருச்சி" என்று கயிறு கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். அது ஆபத்தின் அறிகுறி. சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர் திடீரென்று உளறினால் இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம். வயதானவர் ஒரே நாளில் தடுமாறிப் பேசினாலும் உடம்பில் ஏதோ நோய் இருக்கலாம். விடியட்டும், மஸ்டர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எப்போதிருந்து அப்படிப் பேசுகிறார் என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கூடப் பேசுகிறார் என்று ஒருவரை ஏசுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்: இது அலட்டலா, புசத்தலா?