விருது யார் கைக்குப் போகிறது?
குறும்பட விழாக்களை முன்வைத்துச் சில பகிர்வுகள்



யாருடைய நினைவாக நாம் இன்று இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் திரைப்பட விழா என்ற சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. தொண்ணூறுகளில் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சேரிக்கு வருவார். கோயில் திண்ணையில் அல்ல, குடிநீர்த் தொட்டி மேடையில்தான் டி.வி.யை வைப்பார். படம் முடிந்ததும் விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, "இப்பப் பேசுங்க" என்பார். படம் பாதி, பேச்சு பாதி. எங்களுக்குத் தெரிந்த முதல் திரைப்பட விழா அதுதான். அதில் விருது கிடையாது.

இன்று நிலைமை வேறு. கையில் ஒரு செல்பேசி இருந்தால் படம் எடுக்கலாம். நம் பிள்ளைகள் எடுக்கிறார்கள். எடுத்து முடித்த மறுநாளே, "எந்த விழாவுக்கு அனுப்பலாம் அண்ணா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பொறுப்பான ஒரு பதிலைச் சொல்லும் முயற்சியே இந்த உரை. விழா எப்படி இயங்குகிறது, விருது எப்படித் தீர்மானமாகிறது, அதில் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஒரு படம் கடக்க வேண்டிய நான்கு வாசல்கள்

குறும்படம் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. ஆஸ்கர் விதிப்படி, பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடங்களுக்குள் இருக்க வேண்டும். மற்ற விழாக்கள் ஒவ்வொன்றும் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. நீளம் எதுவானாலும் படம் விருது மேடையை அடைய நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும்: கட்டணம், சான்றிதழ், தேர்வுக்குழு, நடுவர் குழு.

முதல் வாசல் கட்டணம். இன்று பெரும்பாலான விழாக்கள் இணையத் தளங்கள் வழியாகவே படங்களைப் பெறுகின்றன. நுழைவுக் கட்டணம் பல நேரம் டாலரில் இருக்கும். பத்து விழாக்களுக்கு அனுப்பினால் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் மாத வருமானம் போய்விடும். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. மாதந்தோறும் "விருது" வழங்கும் இணைய விழாக்கள் ஏராளம். அரங்கம் இல்லை, பார்வையாளர் இல்லை. பணம் கட்டியவர்களில் பெரும்பாலோருக்குச் சுவரொட்டியில் ஒட்டிக்கொள்ள ஓர் இலை வளையம் மட்டும் கிடைக்கும். மாணவர்களுக்குச் சொல்கிறோம்: அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். படத்தை எங்கே, யார் முன்னால் திரையிடுவார்கள்? நடுவர்கள் பெயரை வெளியிட்டிருக்கிறார்களா? சென்ற ஆண்டு அங்கே திரையிட்ட ஒருவரிடம் பேச முடியுமா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது விழா அல்ல, கடை.

சான்றிதழ் என்னும் வாசல்

இரண்டாவது வாசலில் நிற்பது அரசு. 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி, பொதுவில் திரையிடும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். குறும்படமும் ஆவணப்படமும் விலக்கல்ல. கே.ஏ. அப்பாஸ் எடுத்த 'நான்கு நகரங்களின் கதை' 16 நிமிடப் படம்தான். நகரங்களைக் கட்டி எழுப்பும் உழைப்பாளிகளின் வாழ்வை வசதி படைத்தவர்களின் வாழ்வுக்கு எதிரே வைத்துக் காட்டியது. அதற்கு வயது வந்தோருக்கான சான்றிதழே தர முடியும் என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். அவர் கேட்ட சான்றிதழைத் தர அரசு இறங்கி வந்தது. ஆனால் 1970இல் வந்த தீர்ப்பு, திரைப்படத்துக்கு முன்தணிக்கை செல்லும் என்று உறுதி செய்துவிட்டது. இன்றளவும் நம் தலைமேல் இருக்கும் அந்தத் தீர்ப்புக்குக் காரணமானது ஒரு குறும்படம் என்பதை நினைவில் வையுங்கள்.

அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் கொடுக்கிறது. விழாக்காரர்கள் படப் பட்டியலைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்பி விலக்குப் பெறுவார்கள். பெரும்பாலும் கேள்வியின்றிக் கிடைத்துவிடும். எது கிடைக்காமல் போகிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

2017 ஜூனில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஒன்று காஷ்மீரைப் பற்றியது. ஒன்று ஜே.என்.யூ. மாணவர் போராட்டத்தைப் பற்றியது. மூன்றாவது, பி.என். ராமச்சந்திரா எடுத்த படம், ரோஹித் வெமுலாவைப் பற்றியது. ரோஹித் 2016 ஜனவரி 17 அன்று இறந்தான். பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு தலித் மாணவன், இறந்து ஒன்றரை ஆண்டு கழித்துத் திரையரங்கிலிருந்தும் வெளியேற்றப்பட்டான். நடத்தியது மாநில அரசின் சலச்சித்திர அகாடமி. அவர்கள் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், திரையிட முடியவில்லை. கலைத்தகுதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தகுதியைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை.

இரண்டாண்டு கழித்து, 2019இல், அதே விழாவில் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' படத்துக்கும் விலக்கு மறுக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதல் பரிசு வாங்கிய படம் அது. கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது, படம் திரையிடப்பட்டது. உலக விருது இருந்தும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. விருது இல்லாத, வழக்குரைஞர் இல்லாத நம் பிள்ளையின் படம் என்னவாகும்?

கதவு மூடினால் எதிர்ச்சாரியில் கடை

மும்பை சர்வதேசத் திரைப்பட விழா 1990 முதல் நடக்கிறது. ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் படங்களுக்கானது. அதன் தங்கச் சங்கு விருதுக்குத் தனி மதிப்பு உண்டு. 2004 விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழுடன் வர வேண்டும் என்று விதி போட்டார்கள். படைப்பாளிகள் நாடு முழுவதும் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். விதி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பிறகு நடந்த தேர்வில், அரசை உறுத்தும் படங்கள் பல உதிர்ந்துபோயின. குஜராத் படுகொலை பற்றி ராகேஷ் சர்மா எடுத்த 'பைனல் சொல்யூஷன்' அவற்றில் ஒன்று. சான்றிதழ் வாசலில் தடுக்க முடியாததைத் தேர்வுக்குழு வாசலில் தடுத்தார்கள். மூன்றாவது வாசல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

படைப்பாளிகள் என்ன செய்தார்கள்? அதே நாட்களில், அதே மும்பையில், 'விகல்ப்' என்ற பெயரில் தங்கள் விழாவை நடத்தினார்கள். விகல்ப் என்றால் மாற்று. அங்கே தங்கச் சங்கு இல்லை. ஆனால் கூட்டம் இருந்தது, விவாதம் இருந்தது. அதன் பிறகும் பல நகரங்களில் விகல்ப் திரையிடல்கள் தொடர்ந்தன.

தமிழ்நாட்டில் இந்த வழி புதிதல்ல. அமுதன் ஆர்.பி.யும் தோழர்களும் 1998 முதல் மதுரையில் சுயாதீனமாக ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் பேரணியில் 17 உயிர்களைத் தாமிரபரணி வாங்கியது. அதைப் பற்றி ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' மக்களைச் சென்றடைந்தது பரிசு மேடைகள் வழியாக அல்ல, ஊர் ஊராக நடந்த திரையிடல்கள் வழியாக. 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்துக்குப் பல ஊர்களில் அரங்கமே கிடைக்கவில்லை, போலீஸ் விடவில்லை. அவர் யூடியூபில் வெளியிட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

நடுவர் நாற்காலி

அப்படியானால் விருதே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டோம். நாக்ராஜ் மஞ்சுளே மராட்டியத்தில் எடுத்த 'பிஸ்துல்யா' சுமார் 15 நிமிடக் குறும்படம். தகவல் தொடர்பியல் படிக்கும்போது பாடத்துக்காக எடுத்தது. பள்ளிக்குப் போக ஆசைப்படும் ஓர் ஏழைச் சிறுவனின் கதை. அதற்கு 58ஆவது தேசிய விருதுகளில், கதைப்படம் அல்லாத பிரிவில், அறிமுக இயக்குநர் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு 'ஃபன்றி' வந்தது, 'சைராட்' வந்தது. நமக்குச் சினிமாவில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. பிறருக்குக் குடும்பம் கொடுக்கும் அறிமுகத்தை நமக்கு விருது கொடுக்கிறது. சமூக மூலதனம் என்று சமூகவியலாளர் பியர் போர்தியூ சொன்னதன் பொருள் இதுதான். பரம்பரையாக வராததை ஒரு சான்றிதழ் ஓரளவு ஈடு செய்கிறது. ஆகவே விருதை உதறுவது நமக்குக் கட்டுபடியாகாது.

ஆனால் அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். பிறரைக் கேட்குமுன் எங்களையே கேட்டுக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் குறும்பட விழா நடத்தினோம். நடுவர்கள் மூவரும் படித்தவர்கள், நல்லவர்கள், நகரத்தவர்கள். சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்ட ஒரு சேரியைப் பற்றி நகரத்துக் கல்லூரி மாணவர்கள் எடுத்த படத்துக்கு முதல் பரிசு. ஒளிப்பதிவு அருமை. அதே விழாவுக்கு, தன் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்வதைச் செல்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தான் ஒரு முதலாமாண்டு மாணவன். காற்றின் இரைச்சலில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. "தொழில்நுட்பத் தரம் இல்லை" என்று முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டோம். அவனிடம் மைக் வாங்கக் காசு இல்லை என்பது எங்கள் மதிப்பெண் தாளில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

பரிசளிப்பு முடிந்தபின், வென்ற படத்தில் வரும் பாட்டி எங்களிடம் வந்தார். அவரை மேடைக்கு அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. "படம் நல்லாருக்கு தம்பி. பாதை எப்ப வரும்?" என்று கேட்டார். கேடயம் அந்த மாணவர்கள் கையில் இருந்தது. எங்கள் கையில் பதில் இல்லை.

திரையில் யார் முகம் வரலாம் என்பதற்காகவே ஒரு பெண் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்ததை நாம் அறிவோம். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரனில்' நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோஸி. அதே திருவனந்தபுரத்தில் அவரைச் சாதி வெறியர்கள் துரத்தினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, யாரும் அறியாமல் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் பெயரில் கேரள அரசின் மிக உயர்ந்த திரைப்பட விருது இருக்கிறது. ரோஸியின் பெயரை ஒரு திரைப்படச் சங்கம் சூடிக்கொள்ள 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் அவர் பெயரில் விழா எடுத்ததை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்கிறோம். விருதின் பெயரில்கூட யார் நினைக்கப்படுகிறார், யார் மறக்கப்படுகிறார் என்ற கணக்கு இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பிறகு நாங்கள் சில முடிவுகள் எடுத்தோம். அவற்றை உங்கள் விவாதத்துக்கு வைக்கிறோம்.

நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. நடுவர்களில் பாதிப் பேர் படத்தில் காட்டப்படும் வாழ்வை வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். துப்புரவுப் பணியாளரும் சூளைத் தொழிலாளியும் நடுவராகலாம். அவர்களின் அன்றைய கூலியை விழா ஈடுகட்ட வேண்டும். தள்ளப்பட்ட படம் ஒவ்வொன்றுக்கும் நான்கு வரியாவது காரணம் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு சேரியைப் பற்றிய படம் முதலில் அந்தச் சேரியில் திரையிடப்பட வேண்டும். பரிசுத் தொகையை ஒருவருக்கு மொத்தமாகக் கொடுக்காமல், ஒரு பகுதியைக் கருவிக்கு ஒதுக்கலாம். ஒரு மைக்கும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் அமைப்பிடம் இருந்தால், கேட்கிற மாணவர் எடுத்துப் போகலாம்.

இவற்றால் தரம் குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இட ஒதுக்கீடு வந்தபோதும் இதே அச்சத்தைத்தான் சொன்னார்கள். காற்று இரைச்சலை மைக் வாங்கிக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். அம்மாவின் கை எப்படிச் செங்கல்லைத் திருப்புகிறது என்று அறிந்த கண்ணை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்த முதலாமாண்டு மாணவன் பிறகு எங்கள் விழாவுக்குப் படம் அனுப்பவில்லை. நாங்கள் போய்க் கேட்டோம். "பாக்கலாம் அண்ணா" என்றான். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது எங்கள் பொறுப்பு, அவனுடையது அல்ல.

சுடுகாட்டுப் பாதை இன்னும் வரவில்லை. வரும் மாதம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சேரிக்கே போகிறோம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, தோழர் சொன்னதைச் சொல்வோம்: "இப்பப் பேசுங்க." பேசி முடித்ததும் மனு எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம், மறுநாள் கலெக்டர் அலுவலகம் போவோம். வர முடிந்தவர்கள் எங்களோடு வாருங்கள்.

ஜெய்பீம்.