ஒன்ராறியோ வாகன இழுவைச் சேவைகளில் நுகர்வோர் பாதுகாப்பு

ஒன்ராறியோ வாகன இழுவைச் சேவைகளில் நுகர்வோர் பாதுகாப்பு என்பது, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் விபத்துக்குள்ளான அல்லது பழுதடைந்த வாகனங்களை இழுத்துச் செல்வோருடனும், அவற்றைத் தமது வைப்பிடங்களில் நிறுத்தி வைப்போருடனும் கொள்ளும் தொடர்பில் வாகன உரிமையாளரின் நலனைக் காக்கும் சட்டங்களையும் விதிகளையும் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது 2021 இல் இயற்றப்பட்ட வாகன இழுவை, வைப்பிடப் பாதுகாப்பு மற்றும் அமலாக்கச் சட்டம் ஆகும்.

பின்னணி

பொதுவாக ஒரு பொருளை வாங்குபவர் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வாங்கலாம். நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் அதிர்ச்சியில் இருக்கலாம், காயமடைந்திருக்கலாம், வாகனத்தை விரைவில் அப்புறப்படுத்த வேண்டிய நெருக்கடியும் உண்டு. வாகனம் வைப்பிடத்துக்குச் சென்றபின், நாள்தோறும் கட்டணம் ஏறும். கேட்ட தொகையைச் செலுத்தாமல் வாகனத்தை மீட்பதும் கடினம். எனவே இத்துறையில் விலைப்போட்டி மட்டும் நுகர்வோரைக் காப்பதில்லை.

ரொறன்ரோ பெரும்பாகத்தில் இழுவை வண்டிகளிடையே விபத்து இடங்களுக்காக நிலவிய போட்டி, வண்டிகளுக்குத் தீ வைத்தல், கொலை ஆகியன வரை சென்றது. விபத்தில் சிக்கிய ஒரு வாகனத்தின் மூலம் இழுவை, வைப்பிடம், பழுதுபார்த்தல், வாடகை வண்டி எனப் பல வகைகளில் வருமானம் கிடைத்ததே இதற்குக் காரணம். 2020 மே மாதத்தில் யார்க் பிராந்தியக் காவல்துறை, பிற காவல் அமைப்புகளுடன் இணைந்து நடத்திய விசாரணையின் முடிவில் பலர் கைது செய்யப்பட்டனர். அதற்கு அடுத்த மாதம் மாகாண அரசு இத்துறையை ஆராயப் பணிக்குழு ஒன்றை அறிவித்தது.

சட்ட வளர்ச்சி

தொடக்கத்தில் சில நகராட்சிகள் மட்டுமே இழுவை வண்டிகளுக்கு உரிமம் வழங்கின. இதனால் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. 2017 சனவரி 1 முதல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாகாணம் முழுமைக்குமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2021 சூன் மாதத்தில் புதிய சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. இதன்படி இழுவை நிறுவனங்களும் வைப்பிட நிறுவனங்களும் 2024 சனவரி 1 முதலும், இழுவை வண்டிச் சாரதிகள் 2024 சூலை 1 முதலும் மாகாணச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும்.

முக்கிய விதிகள்

* ஒப்புதல்: வாகனத்தை இழுப்பதற்கு முன்னர், அதற்குரிய படிவத்தில் ஒப்புதல் பெறவேண்டும். யார் இழுப்பது, எங்கே கொண்டுசெல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை பொதுவாக வாடிக்கையாளருக்கே உண்டு.
* கட்டணம்: நிறுவனங்கள் தமது உச்சக் கட்டணங்களைப் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்கவேண்டும், அதற்கு மேல் அறவிடக்கூடாது. ஒவ்வொரு சேவைக்குமான தொகையைத் தனித்தனியே காட்டும் விலைப்பட்டியல் தரவேண்டும். கடனட்டை மூலமான கொடுப்பனவையும் ஏற்கவேண்டும்.
* பரிந்துரை: வாடிக்கையாளர் கேட்காதவிடத்து, பழுதுபார்க்கும் நிலையத்தையோ வைப்பிடத்தையோ வழக்கறிஞரையோ பரிந்துரைக்கக்கூடாது. இழுத்துச் செல்லும் இடத்தில் தமக்கு நிதித்தொடர்பு இருப்பின் அதை வெளிப்படுத்தவேண்டும்.
* உடைமைகள்: வேலை நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, வாகனத்திலுள்ள தமது பொருட்களை உரிமையாளர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அனுமதிக்கவேண்டும்.

இவை தவிர, மாகாண நெடுஞ்சாலையில் நேர்ந்த விபத்து இடத்திலிருந்து 200 மீட்டருக்குள் நின்று இழுவைச் சேவை தருவதாகக் கூறி வாடிக்கையாளர் தேடுவதை நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடைசெய்கிறது.

பற்றுரிமை

வாகனத்தை வைத்திருந்தவர் தமக்குச் சேரவேண்டிய தொகை கிடைக்கும்வரை அதனைத் திருப்பித் தராமல் வைத்திருக்கும் உரிமை பற்றுரிமை எனப்படும். ஒன்ராறியோவில் இது பழுதுபார்ப்பு மற்றும் வைப்பிடப் பற்றுரிமைச் சட்டத்தின் கீழ் அமைகிறது. உரிமையாளரோ அவரது அனுமதி பெற்றவரோ அல்லாத ஒருவரிடமிருந்து வாகனம் வந்திருப்பின், வைப்பிடத்தார் உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பவேண்டும். ஒன்ராறியோவில் பதிவான வாகனங்களுக்கு இக்காலவரம்பு முன்னர் 60 நாட்களாக இருந்தது. 2016 இல் அது 15 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அறிவிக்கத் தவறினால், பற்றுரிமை அந்தக் காலத்துக்கான கட்டணத்துடன் நின்றுவிடும். உரிமையாளருக்குத் தெரியாமலே கட்டணம் பெருகுவதை இவ்விதி தடுக்கிறது.

கேட்கப்படும் தொகையை ஏற்காத உரிமையாளர் நீதிமன்றத்தை நாடலாம். கோரப்பட்ட தொகையை நீதிமன்றத்தில் கட்டி, வாகனத்தை மீட்டுக்கொண்டு, தொகை நியாயமானதா என்ற வழக்கைப் பின்னர் நடத்த இச்சட்டம் வழிசெய்கிறது. இதன்மூலம் வழக்கு முடியும்வரை வாகனம் பணயமாக இருப்பது தவிர்க்கப்படுகிறது.

விதிவிலக்குகள்

காவல்துறையின் உத்தரவின் பேரில் இழுக்கப்படும்போது மேற்கூறிய தெரிவுரிமை பொருந்தாது. 2021 டிசம்பர் 13 முதல் 401, 400, குயின் எலிசபெத் வழி முதலிய நெடுஞ்சாலைகளின் சில பகுதிகள் கட்டுப்படுத்தப்பட்ட இழுவை வலயங்களாக அறிவிக்கப்பட்டன. இவ்வலயங்களில் அரசு அனுமதித்த நிறுவனமே வாகனங்களை இழுக்கலாம். விபத்து இடத்துக்கு முந்திச் செல்லும் போட்டியை ஒழிக்க, வாடிக்கையாளரின் தெரிவுரிமை இங்கே ஓரளவு விட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது.

முறைப்பாடு

விதிமீறல் குறித்துப் போக்குவரத்து அமைச்சிடம் முறைப்பாடு செய்யலாம். ஒப்புதல் படிவத்தின் படியும் விலைப்பட்டியலும் இதற்கு முக்கிய சான்றுகளாகும்.

இவற்றையும் பார்க்க

* நுகர்வோர் உரிமைகள்
* வாகனக் காப்புறுதி