ஆளந்தியிலிருந்து பவானிப் பேட்டை வரை

புணேயில் வசிக்கும் தமிழன்பர்களுக்கு 'பால்கி' என்றால் முதலில் நினைவுக்கு வருவது போக்குவரத்துத் தடைதான். முப்பது ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். அன்று எந்தெந்தச் சாலைகள் மூடப்படும் என்று செய்தித்தாளில் பார்த்து, சுற்று வழியில் அலுவலகம் போய்விடுவேன். ரயில்வேயில் பாதைப் பிரிவில் பணியாற்றியவன். ரயில் இருக்க நடப்பானேன் என்பது என் கட்சி. பண்டரிபுரத்துக்குக் குர்துவாடியிலிருந்து இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை ஒன்று நெடுங்காலம் இருந்தது. இப்போது அது அகலப்பாதை. ஆனாலும் நடப்பவர் கூட்டம் குறையவில்லை.

2024 ஜூன் 30, ஞாயிறு. என் எண்ணத்தை மாற்றியவர் சம்பந்தி. மருமகள் மராத்திப் பெண். அவளுடைய தந்தை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை சுமார் 250 கி.மீ. நடந்தவர். அந்த ஆண்டு முழங்காலில் அறுவை சிகிச்சை. "நகருக்குள் மட்டுமாவது நடக்கிறேன், நீங்களும் துணைக்கு வாருங்கள்" என்றார். நான், மனைவி, மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி எல்லோரும் விஷ்ராந்த்வாடியில் போய்ச் சேர்ந்துகொண்டோம். சம்பந்தி கையில் ஊன்றுகோல், தோள்பையில் தாளம்.

நடைமுறையைச் சற்று விளக்குகிறேன். ஞானேசுவரரின் பாதுகைகள் ஆளந்தியிலிருந்தும், துக்காராமின் பாதுகைகள் தேஹுவிலிருந்தும் தனித்தனியே புறப்படுகின்றன. இரண்டும் புணேயில் இரண்டு இரவு தங்குகின்றன. முன்னது பவானிப் பேட்டையில், பின்னது நானா பேட்டையில். பிறகு ஹடப்சர் வரை ஒரே சாலை. அங்கிருந்து ஞானேசுவரர் பால்கி திவே காட் மலையேறி சாஸ்வடுக்குப் போகிறது, மற்றது சோலாப்பூர்ச் சாலையில் லோணி பக்கம். ஆஷாட ஏகாதசிக்கு இரண்டும் பண்டரிபுரம் சேரும்.

இத்தனை ஜனமும் முண்டியடிக்காமல் எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. கூட்டம் 'திண்டி' என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கிறது. ரதத்துக்கு முன்னால் 27 திண்டிகள்; பின்னால் இருநூறுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, இடம் மாறாது. ஒரு திண்டியின் அமைப்பு ஏறக்குறைய ஒரு வண்டித் தொடரைப் போன்றது. முன்னே காவிக்கொடி, அடுத்துத் தாளம் தட்டுவோர், நடுவே மிருதங்கம், அவர்களுக்குப் பின்னே வீணை ஏந்தியவர், அப்புறம் தலையில் துளசி மாடம் சுமந்த பெண்கள். வீணைக்காரரை கார்டு என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டை எடுப்பதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. வண்டியைப் பின்னாலிருந்து ஆள்கிறவர்! இப்படி ஒழுங்குபடுத்தியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹைபத்பாபா என்கிறார்கள்.

குறை தீர்க்கும் முறை இன்னும் அழகு. மாலையில் தங்குமிடத்தில் ஆரத்திக்கு எல்லாத் திண்டிகளும் கூடும். சோப்தார் வெள்ளித் தடியை உயர்த்தினால் அத்தனை தாளங்களும் சட்டென்று அடங்கும். எந்தத் திண்டிக்காவது குறை இருந்தால் அவர்கள் மட்டும் தட்டுவதை நிறுத்தமாட்டார்கள். சோப்தார் அங்கே போய் என்னவென்று கேட்டாக வேண்டும். தண்ணீர் வரவில்லை, முறை தவறி இடம் கொடுத்துவிட்டார்கள், எதுவானாலும் அங்கேயே தீர்ப்பு. நான் வேலை பார்த்த நாளில் ஒரு மனுவுக்குப் பதில் வர ஆறு மாதம் ஆகும்.

ஃபுலேநகரில் நண்பகல் ஓய்வு. அங்கே சம்பந்தியின் திண்டியைக் கண்டுபிடித்தோம். வார்கரிகள் சந்தித்தால் ஒருவர் காலை ஒருவர் தொட்டு 'மாவுலி' என்பார்கள். தாய் என்று பொருள். வயது, அந்தஸ்து பார்ப்பதில்லை. அவருடைய தோழர்கள் வரிசையாக என் காலைத் தொட்டார்கள். கடைசியில் சம்பந்தியும், கால் மடங்காத நிலையில், கோலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

எனக்குச் சுரீரென்றது. மகன் கல்யாணத்தில், நம் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை காலைக் கழுவவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அந்தச் சம்பந்தத்தில் எனக்கு மனமில்லை என்பதை அப்படிக் காட்டினேன். அவர் மறுபேச்சின்றிச் செய்தார். அதைப்பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை. நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன். அவர் "மாவுலி" என்றார். மருமகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு சங்கம்வாடி, பாட்டீல் எஸ்டேட், ஃபெர்குசன் கல்லூரிச் சாலை, லட்சுமி சாலை. வழிநெடுக இலவசமாகச் செருப்புத் தைத்துக் கொடுக்கிறார்கள், கால் பிடித்துவிடுகிறார்கள், வாழைப்பழமும் தேநீரும் தருகிறார்கள். பேத்தி வாங்கிய வாழைப்பழங்களுக்குக் கணக்கில்லை. என் மனைவி கும்பகோணத்துப் பஜனை மடத்தில் கேட்டுப் பழகிய அபங்கம் ஒன்றைத் திண்டி பாட, அவளும் சேர்ந்துகொண்டாள். தஞ்சை மராட்டியர் புண்ணியம்.

பவானிப் பேட்டையை அடைந்தபோது இரவாகிவிட்டது. சம்பந்தி வீணைக்காரரிடம் விடைபெற்றுக்கொண்டு, தாளத்தைத் துணியில் சுற்றிப் பேத்தியிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தட்ட ஆரம்பித்தாள். பத்து மணி ஆகிறது, நிறுத்தடி என்றால் நிறுத்தவில்லை. "எனக்கு ஒரு குறை. திவே காட்டுக்கு நாம் ஏன் போகவில்லை? சோப்தார் வந்து கேட்கட்டும்" என்றாள்.

சம்பந்தி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து அவளிடம் போனார்.