கண்ணிருந்தும் காணாத குழந்தை

வாவிக்கரைப் பாடசாலையொன்றில் நான் தமிழ் கற்பித்த காலத்தில் ஒரு மாணவன் இருந்தான். நீரின்மேற் பறக்கும் மீன்கொத்தியை வகுப்பில் யாவர்க்கும் முன்னே அவனே கண்டு கூவுவான். ஆயின் புத்தகத்தை விரித்து, "இச்சொல் எங்கே உள்ளது?" என வினவினால் திகைத்து நிற்பான். வாசற்படியில் நாள்தோறும் இடறுவான். கண்ணிற் குறையில்லை என்று வைத்தியர் கூறிவிட்டார் எனத் தாயார் வந்து சொன்னார். அதுகேட்ட நான், பையன் சோம்பேறி என்று முடிவுகட்டிப் பன்முறை கடிந்துகொண்டேன். அவன் மாதம் நிறையாமற் பிறந்தவன் என்று அவ்வம்மையார் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை.

அவனுக்கிருந்த குறை இன்னதென்று இன்று துணிந்து கூற இயலாது. எனினும், 'மூளைவழிப் பார்வைக் குறைபாடு' என மருத்துவர் வழங்கும் நிலையின் குறிகளோடு அவை பெரிதும் ஒத்திருந்தன என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தேன். அறிந்தநாள் முதல் நாணுகின்றேன்.

கண் தனித்துக் காண்பதில்லை, உயிர் காட்டவே காண்கின்றது என்பது சைவ சித்தாந்தம் பயின்றோர் அறிந்தது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரத்தில் இதனை உவமையாக எடுத்தாண்டார். மருத்துவம் வேறு துறையாயினும், கண் தனித்துக் காணாது என்னும் அளவில் அதுவும் உடன்படுகின்றது. விழித்திரையில் விழும் ஒளி, நரம்பின்வழிச் செய்தியாகி மூளையின் பிற்பகுதியை அடைகின்றது. அங்கிருந்து மேற்செல்லும் வழி, பொருள் எங்கே உள்ளது என்பதையும், கீழ்ச்செல்லும் வழி, அது யாது என்பதையும் உணர்த்தும். இவ்வழிகள் பழுதுற்றால் கண் நலமாயிருந்தும் காட்சி குறையும்.

இவ்வுண்மை போர்க்களத்திலும் துலங்கிற்று. 1904-05இல் நிகழ்ந்த ருசிய - யப்பானியப் போரில் தலையிற் குண்டுபட்ட வீரரை ஆராய்ந்த தத்சுஜி இனோயே என்னும் யப்பானிய மருத்துவர், காயம்பட்ட இடத்துக்கும் இழந்த காட்சிக்கும் உள்ள தொடர்பை 1909இல் நூலாக வெளியிட்டார். முதலாம் உலகப் போரின்போது, 1917இல், ஜோர்ஜ் ரிடொக் என்பார் மற்றொன்று கண்டார்: நிலைத்திருக்கும் பொருளைக் காணாத சில வீரர், அது அசைந்தால் உணர்ந்தனர். மீன்கொத்தியைக் கண்டு சொல்லைக் காணாத என் மாணவனை இவ்விடத்தில் நினைவுகூர்க.

குழந்தைகளிடத்து இக்குறை வருதற்குக் காரணங்கள் பல. பிறக்கும்போது மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, பிறந்த சில நாளில் இரத்தத்திற் சீனி மிகக் குறைதல், மூளைக்காய்ச்சல் என்பன அவற்றுட் சில. செல்வ நாடுகளில் இன்று குழந்தைகளின் பார்வைக் குறைக்கு இதுவே தலையாய காரணம். முன்னர் பிழைக்காத சிசுக்களை மருத்துவம் காப்பாற்றுவதும் இதற்கொரு காரணமாகும்.

இதனை அறியும் வழி யாது? கண் பரிசோதனை முதலில் வேண்டும். இக்குறையோடு கண்ணிலும் குறையிருக்கலாம். கண்ணாடி உதவவும் கூடும். பேசாத சிசுவுக்கு வெறும் சாம்பல்நிற அட்டையையும் கோடிட்ட அட்டையையும் ஒருங்கே காட்டி, விழி எப்பக்கம் திரும்புகின்றது என நோக்குவர். மூளையைப் படம்பிடிப்பதும் உண்டு. ஆயின் படம் நன்றாயிருப்பதனாலேயே குறையில்லை என்று முடிவுசெய்தல் தகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் தாயின் சொல் வேண்டும். படுவான்கரையிலிருந்து வாவி கடந்து மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் பிள்ளையைக் கொணரும் தாய், வரிசையிற் காத்திருந்து வைத்தியர்முன் செல்லும்போது பிள்ளை களைத்திருக்கும். இக்குறையுள்ள பிள்ளைக்குக் களைப்பினாற் பார்வை மேலும் மங்கும், சந்தடியிலும் மங்கும். அவ்வொரு கணத்தைக் கொண்டு எவர்தாம் முழுமையும் அறிவார்? வீட்டில் நாள்முழுதும் கண்டவள் தாயே. பிள்ளை விளக்கையே உற்று நோக்குகின்றதா? முகத்தைக் காணாது குரலைக் கேட்டே தாயை அறிகின்றதா? பொருளைப் பார்த்தபின் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைநீட்டுகின்றதா? தனித்து வைத்த பந்தை எடுத்து, பல பொருள்களிடையே அதனைத் தவறவிடுகின்றதா? காலடியிலுள்ளதில் இடறுகின்றதா? இவற்றைக் கிளினிக் கொப்பியிற் குறித்துச் சென்று, "கண் நன்று" என்ற விடையோடு திரும்பாமல், "மூளைவழிக் குறை உளதோ?" எனவும் வினவுதல் வேண்டும்.

இதனை மாற்றும் சத்திரசிகிச்சை இல்லை. ஆயினும் வளரும் மூளை பழகும் இயல்பினது. காலத்தே அறிந்து உதவினால் பலர்க்குப் பார்வைப் பயன்பாடு மேம்படும். உதவியும் அரியதன்று. வெறுந்துணிமேல் ஒரு பொருளை மட்டும் வைத்தல், அதனை மெல்ல அசைத்தல், பிள்ளை நோக்கும்வரை பொறுத்திருத்தல், புத்தகத்தில் ஒருவரி நீங்க ஏனையவற்றை மறைத்தல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவில்லை.

என் மாணவன் ஒருநாள் தன் இரு உள்ளங்கைகளாலும் பக்கத்தை மூடி, இடைவெளியில் தெரிந்த ஒரே வரியைப் பிழையின்றி வாசித்தான். "புத்தகத்தை மறைக்காதே" என்று அக்கைகளை விலக்கியவன் நான். அவன் தன் குறைக்குத் தானே கண்ட மருந்து அது. ஆசிரியரும் பெற்றோரும் அத்தகைய கைகளை இனியேனும் விலக்காதிருப்பாராக.