யாரும் அறியாத வீரன்: பூஸ்டர் கோல்ட்

பூஸ்டர் கோல்ட், அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய சூப்பர் ஹீரோ. கதை எழுதியவரும் படம் வரைந்தவரும் டான் ஜர்கன்ஸ். சூப்பர்மேனுக்குப் பலம் பிறவியிலேயே வந்தது. பேட்மேனுக்குப் பரம்பரைச் சொத்தும் பல வருடப் பயிற்சியும் உண்டு. பூஸ்டரிடம் இருப்பதெல்லாம் திருட்டுப் பொருள்: பறக்க வைக்கும் மோதிரம், உடலைச் சுற்றிக் காப்பு வளையம் எழுப்பும் இடுப்புப் பட்டை, தோளருகே மிதந்தபடி பேசும் ஸ்கீட்ஸ் என்ற சிறு ரோபோ, அவன் ஏறி வந்த கால இயந்திரம் எல்லாமே ஒரு மியூசியத்திலிருந்து தூக்கி வந்தவை. இப்படி ஒருவன்மீது உலகெங்கும் காமிக்ஸ் வாசகர்களில் ஒரு பகுதியினர் நாற்பது ஆண்டுகளாக உயிரையே வைத்திருக்கிறார்கள். அவனுடைய குறைகளோடு சேர்த்துத்தான் அந்தப் பிரியம்.

அவனுடைய இயற்பெயர் மைக்கேல் ஜான் கார்ட்டர். பிறந்தது 25ஆம் நூற்றாண்டின் கோத்தம் நகரில். பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய நட்சத்திர வீரன். சிறுவயதில் குடும்பத்தை விட்டுப்போன தகப்பன், மகன் பேர் வாங்கியதும் திரும்பி வந்து, பந்தயப் பணத்துக்காக வேண்டுமென்றே தோற்கச் சொல்கிறான். மகனும் தலையாட்டுகிறான். விஷயம் வெளியே வந்ததும் பட்டமும் போயிற்று, மானமும் போயிற்று. கடைசியில் மெட்ரோபோலிஸ் விண்வெளி மியூசியத்தில் இரவுக் காவல் வேலைதான் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்த 20ஆம் நூற்றாண்டு சூப்பர் ஹீரோக்களின் நினைவுப் பொருள்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு நடந்தவனுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்துக்கே போய்விட்டால்? அங்கே அவனுடைய பழைய அவமானம் யாருக்கும் தெரியாது. எந்த நாளில் எங்கே ஆபத்து வரும் என்பதோ ஸ்கீட்ஸின் நினைவகத்தில் வரலாற்றுப் பதிவாகவே இருக்கிறது.

வந்து சேர்ந்தவன் அமெரிக்க அதிபரைக் கொலையிலிருந்து காப்பாற்றுகிறான். அன்றைய அதிபர் ரொனால்ட் ரீகன், கதையிலும் அவர்தான். பெயர் கேட்கிறார்கள். ‘கோல்ட்ஸ்டார்’ என்று சொல்ல நினைத்தவன், விளையாட்டு நாள்களின் பட்டப்பெயரான ‘பூஸ்டர்’ பாதியில் நாக்கில் வந்துவிட, உளறிக் கொட்டியதே நிலைத்த பெயராகிறது. ஒரு நாயகனின் பெயரே வாய்தவறி வந்தது என்று ஜர்கன்ஸ் முடிவு செய்தது அபாரமான துணிச்சல்.

அந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’, ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் படைத்த ‘வாட்ச்மென்’ இரண்டும் தொடங்கியது 1986இல்தான். சூப்பர் ஹீரோ கதைகள் இருளை நோக்கிச் சென்ற அதே காலத்தில் ஜர்கன்ஸ் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: பணமும் விளம்பரமும் ஆட்சி செய்யும் எண்பதுகளின் அமெரிக்காவில், ஒருவன் புகழுக்காகவே வீரனானால் என்ன ஆகும்? பூஸ்டருக்கு விளம்பர ஒப்பந்தங்கள் பேசும் மேனேஜர் இருந்தார். சொந்தக் கம்பெனி இருந்தது. காப்பாற்றிய கையோடு கேமராவைத் தேடுவான். 1962இல் வந்த ஸ்பைடர்மேனும் தொடக்கத்தில் மேடையேறிக் காசு பார்த்தவன்தான். மாமாவின் மரணம் அவனை ஒரே இரவில் திருத்தியது. பூஸ்டருக்கு அந்த ஒரே இரவு வரவே இல்லை. மெல்ல மெல்ல, வழுக்கி விழுந்து விழுந்துதான் அவன் நல்லவனாகிறான். அதனாலேயே அவனுடைய மாற்றம் நம்பும்படி இருக்கிறது. முதல் தொடர் 25 இதழ்களோடு 1988இல் நின்றது. அதற்குள் இரட்டைச் சகோதரி மிஷெலைப் பறிகொடுத்து, மேனேஜரின் துரோகத்தால் சொத்தையும் இழந்திருந்தான்.

அவனை வாசகர்களின் செல்லமாக்கியது அடுத்த கட்டம். கீத் கிஃபனும் ஜே.எம். டிமாட்டீஸும் எழுதி, கெவின் மெக்வயர் வரைந்து 1987இல் தொடங்கிய ‘ஜஸ்டிஸ் லீக்’ தொடரில் 4ஆம் இதழிலேயே பூஸ்டர் அணியில் சேர்ந்தான். அங்கே அவனுக்குக் கிடைத்த கூட்டாளி ப்ளூ பீட்டில் எனும் டெட் கார்ட். ஒருவன் பொன்னிறம், மற்றவன் நீலம். உலகைக் காக்கும் நேரம் போக மீதி நேரத்தில் சுலபமாகப் பணம் பண்ணும் திட்டங்கள்தான் இருவருக்கும். அதில் உச்சம், லீக்கின் பணத்தை எடுத்து ஒரு தீவில் சூதாட்ட விடுதி திறந்தது. அந்தத் தீவுக்கே உயிர் உண்டு என்பது பிறகுதான் தெரிகிறது. மெக்வயர் முகபாவங்களில் கைதேர்ந்தவர். இந்த இருவரின் முகங்களிலும் அவர் வரைந்த அசட்டுத் திகைப்புக்கு வசனமே தேவைப்படவில்லை. வல்லமை படைத்தவர்களின் கூட்டத்தில் நட்பு என்ற ஒன்று கண்கூடாகத் தெரிந்தது இந்த இருவரிடம்தான்.

1992இல் சூப்பர்மேனின் மரணக் கதை வந்தபோது, அவரைக் கொன்ற அரக்கனுக்கு ‘டூம்ஸ்டே’ என்ற பெயர் பூஸ்டர் வாயிலிருந்துதான் வந்தது. அந்தக் கதையை வடிவமைத்தவர்களில் ஜர்கன்ஸும் ஒருவர். தொண்ணூறுகளின் மற்ற கதைகளில் பூஸ்டருக்குச் சொல்லும்படி எதுவும் அமையவில்லை.

2005இல் டெட் கார்ட் கொல்லப்பட்டான். மேக்ஸ்வெல் லார்ட் என்ற பழைய கூட்டாளியே அவன் தலையில் சுட்டான். சிரிப்புக்காகப் படைக்கப்பட்ட இரட்டையரில் ஒருவன் இப்படிச் சாவான் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பூஸ்டரின் உண்மையான கதை இந்த மரணத்திலிருந்துதான் தொடங்குகிறது.

2006 மே மாதம் முதல் ஓராண்டு, வாரம் ஓர் இதழாக வெளிவந்தது ‘52’. ஜெஃப் ஜான்ஸ், கிராண்ட் மாரிசன், கிரெக் ருக்கா, மார்க் வெய்ட் நால்வரும் சேர்ந்து எழுதினார்கள். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் மூவரும் களத்தில் இல்லாத ஓராண்டைச் சொல்லும் கதை அது. பூஸ்டர் உடை முழுக்க விளம்பரச் சின்னங்களை ஒட்டிக்கொண்டு திரிகிறான். ஸ்கீட்ஸின் பதிவுகள் ஒவ்வொன்றாகப் பிசகுகின்றன. புகழ் சரியும்போது நடிகர் ஒருவரை வில்லனாக வேடமிட வைத்துச் சண்டை போடுகிறான்; அது அம்பலமாகிறது. அவனுடைய சரிவின் ஆழம் அதுதான். அதன்பின் செத்ததாக எல்லோரையும் நம்ப வைத்து, வேறு முகமூடியோடு திரும்பி வந்து, காலத்தையே தின்னும் ஒரு புழுவிடமிருந்து பிரபஞ்சத்தைக் காக்கிறான். உடன் நின்றவர் ரிப் ஹன்டர், அந்தக் கால இயந்திரத்தின் சொந்தக்காரர்.

2007இல் ஜெஃப் ஜான்ஸ், ஜெஃப் காட்ஸ், டான் ஜர்கன்ஸ் மூவரும் இரண்டாம் தொடரைத் தொடங்கினார்கள். அதன் அடிப்படை ஒரே ஒரு நிபந்தனை. காலத்தைச் சிதைக்கப் பார்க்கிறவர்களை இனி பூஸ்டர் தடுக்க வேண்டும். ஆனால் வெளியே அவன் கோமாளியாகவே இருக்க வேண்டும். பெரும் வீரன் என்று தெரிந்துவிட்டால் எதிரிகள் கடந்த காலத்துக்குப் போய் அவனைப் பிறக்கவே விடமாட்டார்கள். ஜஸ்டிஸ் லீக் அவனைச் சேர்த்துக்கொள்ள முன்வந்த நேரத்தில், வாழ்நாளெல்லாம் ஏங்கிய அந்த மரியாதையை அவன் தானாகவே உதறுகிறான். புகழுக்காகவே நூற்றாண்டுகளைத் தாண்டி வந்தவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனையோ, இதைவிடப் பெரிய வளர்ச்சியோ இருக்க முடியாது.

இந்த ரசிகர்களின் பற்று எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கேதான் புலப்படுகிறது. கதைக்குள் பூஸ்டரின் தியாகத்தை அறிந்தவர் ஓரிருவர். கதைக்கு வெளியே அறிந்தவர் வாசகர் மட்டும். மற்ற வீரர்களைக் கதையுலகமே கொண்டாடுகிறது. பூஸ்டருக்குச் சாட்சி வாசகர்தான். அந்த உரிமை கிடைத்த வாசகர் அவனை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அத்தொடரின் 5ஆம் இதழை மட்டும் நின்று பார்க்க வேண்டும். டெட்டைக் காப்பாற்றியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் பூஸ்டரை, முதலில் பேட்மேனின் கூட்டாளியான பார்பரா கார்டனைக் காப்பாற்றும்படி அனுப்புகிறார் ரிப். 1988இல் வந்த ‘தி கில்லிங் ஜோக்’ கதையில் ஜோக்கர் சுட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனவள் பார்பரா. பூஸ்டர் போகிறான், ஜோக்கரிடம் அடிபட்டு வீழ்கிறான், துப்பாக்கி வெடிக்கிறது. மறுபடியும் போகிறான், மறுபடியும் வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் உடம்பில் காயம் கூடுகிறது, முடிவு மட்டும் மாறுவதில்லை. ஜோக்கரின் கேமரா விழுந்து கிடப்பவனையும் படம் எடுத்துக்கொள்கிறது. சில நிகழ்வுகள் இறுகிப்போனவை, அவற்றை அசைக்க முடியாது என்று ரிப் முன்பே அறிவார். அந்தப் பாடத்தைக் கற்பிக்கத்தான் அனுப்பினார். காலப் பயணக் கதைகள் விதியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கின்றன. கையாலாகாமையின் வலியை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காமிக்ஸ் அரிது.

பாடத்தை அவன் ஏற்கவில்லை. ரிப்பை மீறி டெட்டை மீட்டுக் கொண்டுவருகிறான். மேக்ஸ்வெல் லார்டின் இயந்திரப் படை ஆளும் நாசமான உலகம் அதன் விலையாகிறது. சில இதழ்களுக்கு நீலமும் பொன்னும் பழையபடி கேலி பேசிக்கொண்டு சேர்ந்து போராடுகின்றன. பிறகு டெட்டே முடிவெடுத்து, தன் மரணம் காத்திருக்கும் கணத்துக்குத் திரும்பிப் போகிறான்.

2008இல் பத்து லட்சம் என்று எண்ணிட்டு ஒரு சிறப்பிதழ் வந்தது. ஜோக்கர் எடுத்த அந்தப் படங்களைப் பார்த்துவிட்ட பேட்மேன் பூஸ்டரிடம் வருகிறார். பார்பராவுக்காக இவன் பட்டபாடு தனக்குத் தெரியும் என்று சொல்லி நட்புக்கரம் நீட்டுகிறார். வாசகர் மட்டும் அறிந்திருந்ததைக் கதையுலகின் மிகக் கண்டிப்பான மனிதர் கண்டுகொண்ட இடம் அது. ரிப் ஹன்டர் உண்மையில் பூஸ்டரின் மகன் என்ற செய்தியும் அதே இதழில் வெளியாகிறது. தகப்பனால் கெட்டவனுக்கு, தானே நல்ல தகப்பனாகும் வாய்ப்பு. இரண்டாம் தொடர் 2011இல் 47ஆம் இதழோடு முடிந்தது.

பிற்கால எழுத்தாளர்கள் எல்லோரும் இந்த வளர்ச்சியை மதிக்கவில்லை. 2018இல் டாம் கிங் எழுதிய பேட்மேன் தொடரின் 45 முதல் 47 வரையான இதழ்களில், பேட்மேனுக்குத் திருமணப் பரிசாக அவருடைய பெற்றோர் சாகாத உலகத்தை உருவாக்கிவிட்டுக் குழப்பத்தில் விழிக்கிறான் பூஸ்டர். காலத்தில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதைத் தன் நண்பனின் உயிரைக் கொடுத்துக் கற்றவன் அப்படிச் செய்வானா? 2021இல் ஜர்கன்ஸ், ரையன் சூக்குடன் சேர்ந்து ‘ப்ளூ அண்ட் கோல்ட்’ என்ற எட்டு இதழ் மினி தொடரில் பூஸ்டரையும் டெட்டையும் மறுபடி ஒன்றுசேர்த்தது அந்தக் காயத்துக்கு நல்ல மருந்து.

திரையில் அவனை மிகச் சரியாகப் பிடித்தது 2004இல் வந்த ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் கார்ட்டூனின் ஓர் அத்தியாயம். பெரிய வீரர்கள் மந்திரவாதியோடு மோதும்போது பூஸ்டருக்குக் கொடுக்கப்படும் வேலை கூட்டத்தை ஒதுக்குவது. பக்கத்துத் தெருவில் ஊரையே விழுங்கப் பார்க்கும் கருந்துளை ஆபத்தை அவன் தன்னந்தனியாகத் தடுக்கிறான், திட்டுதான் கிடைக்கிறது. 2011இல் ‘ஸ்மால்வில்’ தொடரில் எரிக் மார்ட்சால்ஃபும், 2022இல் ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ தொடரில் டொனால்ட் ஃபெய்சனும் அந்த வேடமேற்றார்கள். தனித் தொடர் ஒன்று உருவாகும் என்று ஜேம்ஸ் கன் 2023 ஜனவரியில் அறிவித்தார்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் ‘52’ஐ முதலில் முடித்துவிட்டு, 2007 தொடரின் முதல் இரண்டு தொகுப்புகளான ‘52 பிக்-அப்’, ‘ப்ளூ அண்ட் கோல்ட்’ இரண்டையும் அடுத்தடுத்து எடுப்பது நல்லது. பார்பரா கதையும் டெட்டின் கடைசி முடிவும் அவற்றில்தான் இருக்கின்றன. அதன்பிறகு 1986இன் முதல் இதழைத் திறந்தால், கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் அந்த இளைஞன் வேறு மாதிரித் தெரிவான்.