விறகு அடுப்பா, விறகு உலையா?

கிழக்குக் கனடாவின் கடுங்குளிரில் வீட்டுக்குக் கணப்பு அவசியம். சொந்தத்தில் மரத்தோப்பு உள்ள விவசாயிகள் பலர் இதற்கு விறகையே நம்புகின்றனர். அடுப்பு வாங்குவதா, உலை அமைப்பதா என்பதே அவர்கள் முன் உள்ள கேள்வி.

இரும்பு அடுப்பைக் கூடத்தில் வைப்பார்கள். அந்த அறையும் பக்கத்து அறைகளும் சூடேறும். தள்ளியுள்ள அறைகள் குளிர்ந்தே கிடக்கும். உலையை நிலவறையில் அமைப்பார்கள். மின்விசிறி வெப்பக் காற்றைக் குழாய் வழியே எல்லா அறைகளுக்கும் தள்ளும். பெரிய வீட்டுக்கு இதுவே ஏற்றது. ஆனால் விலையும் விறகுச் செலவும் அதிகம். மின்சாரம் நின்றால் விசிறியும் நிற்கும்.

1998 ஜனவரியில் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களில் பெய்த மழை கம்பிகளிலேயே உறைந்தது. பாரம் தாங்காமல் மின் கோபுரங்கள் சாய்ந்தன. சில பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய நாட்களில் கைகொடுப்பது அடுப்பே. எனவே உலை வைத்திருப்பவர்களும் தனிப் புகைபோக்கியுடன் சிறிய அடுப்பு ஒன்று வைத்துக்கொள்வது நலம்.

எதுவானாலும் விறகைப் பிளந்து, காற்றுப்பட அடுக்கி, மேலே மூடி, ஓராண்டு காயவிட வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈர விறகால் புகைபோக்கியில் தார் படிந்து தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆண்டுதோறும் புகைபோக்கியைச் சுத்தம் செய்யத் தவறக் கூடாது.